கவனிப்பு நேரம்

நடைபாதை ஓரக் கல்லில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடென்றால்
சில மணி நேரம் சரக்கு இறக்கக் கூடாது.
இரண்டு கோடென்றால் எப்போதுமே கூடாது.
கிளாஸ்கோவில், அதுவும் பார்ட்டிக்கில்,
மழை விட்ட நாள் குறைவு;
கோடுகள் பாதி அழிந்தே கிடக்கும்.
அழிந்ததையும் கோடென்று படிக்க
எங்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள்.

கோடில்லாத இடத்தில் பலகை.
ஏற்றவும் இறக்கவும் மட்டும். இருபது நிமிடம்.
அந்த ‘மட்டும்’தான் என் சம்பளம்.

சரக்கு எது என்பதில்தான் சண்டையெல்லாம்.
பூக்கடைக்கு வரும் இருபது கொத்து சரக்கு.
யாரோ ஒருத்திக்கு வாங்கிய ஒரு கொத்து
சரக்கில் சேராது.
ஒருவன் ஒற்றை டோனட்டை உயர்த்திக் காட்டி
இதை இறக்கத்தான் நின்றேன் என்றான்.
எழுதிக் கொடுத்தேன்,
சிரித்துக்கொண்டேதான்.

வண்டியருகே அசைவில்லையென்றால்
ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.
வண்டி எண்ணைக் கருவியில் தட்டியதும்
கடிகாரம் ஓடத் தொடங்கும்.
கவனிப்பு நேரம் என்று அதற்குப் பெயர்.

செவ்வாய்க்கிழமை. வெள்ளை வேன்.
பின்கதவு ஒருக்களித்திருந்தது.
உள்ளே இரண்டு போர்வை, ஒரு கட்டும் பட்டை.
8:41.

ஸ்ட்ரூவனின் வேன்.
மருத்துவமனைக் கட்டில்களை
வீடுகளுக்குக் கொண்டுபோகிறவன்.
போன மாதம் இதே இடத்தில்
தலைப்பக்கம், கால்பக்கம், மோட்டார், காற்று மெத்தை என்று
துண்டுதுண்டாக மூன்றாம் மாடிக்குத் தூக்கினான்.
படி வளையும் இடத்தில் அவன் விட்ட வசவு
தெரு வரைக்கும் கேட்டது.
பதினெட்டு நிமிடம்.
பயிற்சி வகுப்பில் காட்டலாம், அப்படி ஓர் இறக்கல்.

இன்று வசவு கேட்கவில்லை.

8:43.
பேக்கரி வண்டி பொஷெனா வந்து
இடமில்லாமல் நடுத்தெருவில் நிறுத்தினாள்.
அவள் பின்னால் பேருந்து,
பேருந்தின் பின்னால் வேலைக்குப் போகும் ஊர் முழுக்க.
“எழுதித் தொலையேன்” என்றாள்.
அவள் பக்கம் நியாயம் இருந்தது.
ரொட்டி சூடாறிக்கொண்டிருந்தது.

8:44. மேலே பார்த்தேன்.
மூன்றாம் மாடியில் திரை விலகியிருந்தது.
ஸ்ட்ரூவனின் முதுகு. உட்கார்ந்திருந்தான்.
எதிரே திருமதி லெக்கி,
இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்தபடி.
உட்கார்ந்திருப்பது ஏற்றுவதாகாது.
தேநீர் இறக்குவதில் சேராது.
எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கட்டிலைத் திரும்ப எடுக்க வந்திருக்கிறான்.
நான்கு வாரம் அதில் படுத்திருந்தவரை
வேறொரு வண்டி, வேறொரு நாள்
கொண்டுபோயிருக்கும்.
அன்று எனக்கு விடுமுறையாக இருந்திருக்க வேண்டும்.

8:45 தாண்டி, விநாடி நாற்பது.
பின்கதவை முழுதாகத் திறந்தேன்.
இடப்பக்கம் கிடந்த போர்வையை எடுத்து
வலப்பக்கம் வைத்தேன்.
கருவியில் தட்டினேன்: அசைவு காணப்பட்டது.
பொஷெனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.
போலிஷில் என்னமோ சொன்னாள்,
வண்டியை எடுத்துக்கொண்டு
இன்னொரு சுற்றுச் சுற்றப் போனாள்.
பேருந்து நகர்ந்தது.

பிறகு மோட்டார் வந்தது. கால்பக்கம் வந்தது.
தலைப்பக்கம் வந்தது, சத்தமில்லாமல்.
9:04க்குக் கடைசியாக மெத்தை,
காற்றுப் போகாமல் அப்படியே,
படிக்கட்டு வாசலில் மாட்டிக்கொண்டு.
“மூடியைத் திறக்க விடவில்லை” என்றான்.
“என் கண் முன்னால் வேண்டாம் என்றார்.”

பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
மூன்று நிமிடம் அதிகம்.

தொப்பியைக் கழற்றி வேன்மேல் வைத்துவிட்டு
நான் கால்பக்கத்தைப் பிடித்தேன்.
இருவரும் அதை மடிக்காமல்
சாய்த்துச் சாய்த்து உள்ளே தள்ளினோம்.
நடுவில் ஒரு பள்ளம் இருந்தது,
ஆள் அகலத்துக்கு.

முனை மூலையில் பொஷெனாவின் விளக்கு
மினுக்கிக்கொண்டு வந்தது.
தொப்பி ஞாபகம் வந்தபோது
வேன் டம்பார்ட்டன் சாலையைக் கடந்திருந்தது.